அம்பாறையில் ஒரு மாவுக்கட்டி

2018 பிப்ரவரி 26 இரவு. இலங்கையின் கிழக்கே அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்தவர் தன் உணவில் ஏதோ கட்டி கிடப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டார். சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரையைக் கலந்துவிட்டார்களாம்! கும்பல் கூடியது. சிங்களம் சரளமாக வராத கடைக்காரர், கேள்வி விளங்காமலே, பயத்தில் ஆமோதிப்பதுபோல் ஏதோ சொன்னார். அது கைபேசியில் பதிவானது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரிந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் கிடையவே கிடையாது. ஊர் மருத்துவரோ, மக்கள் மதிக்கும் பிக்குவோ அன்றிரவே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆய்வு முடிவு வருவதற்குள் காணொளி தீவெங்கும் பரவிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அங்கே உடனடிக் காரணம், முஸ்லிம்கள் சிலருடனான தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநரின் மரணம். ஆனால், முஸ்லிம்கள் சிங்கள இனத்தையே ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்ற அச்சத்தை அம்பாறை வதந்தி முன்பே விதைத்திருந்தது. மார்ச் 6இல் அவசரநிலை வந்தது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டதோ 2020இல்தான்.

தமிழ்நாடும் இதுபோன்ற சோதனையைச் சந்தித்தது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுவதாகக் காணொளிகள் பரவின. ஹோலிக்கு ஊர் கிளம்பிய கூட்டத்தோடு பயந்து ஓடியவர்களும் ரயிலேறினார்கள்.

இம்முறை மறுப்பு விரைந்து வந்தது. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு காணொளிகளின் பின்னணியை விளக்கினார்: ஒன்று, பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த சண்டை, மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த மோதல். திருப்பூரில் காவலர்கள் தொழிலாளர்களை நேரில் சந்தித்து இந்தியிலேயே தைரியம் சொன்னார்கள். பீகார் அரசின் குழுவும் வந்து விசாரித்தது. பயந்தவர்களின் மொழியில், அவர்கள் நம்பும் சொந்த மாநில அதிகாரிகள் முன்னிலையில் உண்மை பேசப்பட்டதுதான் இங்கே பலன் தந்தது என்று தோன்றுகிறது.

எல்லா ஊருக்கும் காவல்துறைத் தலைவர் வந்து நிற்க முடியாது. உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சமூகத்தைப் பழிக்கும் காணொளி வந்தால், எங்கே, எப்போது எடுத்தது என்று அங்கேயே கேளுங்கள். பதில் வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தச் சமூகத்தில் தெரிந்தவர் இருந்தால், அன்றைக்கே அவரைப் போய்ப் பாருங்கள்.