கூடத்திலேயே ஒரு திடல்

கெலாங் பாத்தாவில் பல வீடுகளில் விடியும் முன்பே விளக்கு எரியத் தொடங்கிவிடும். 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் அந்நேரத்திலேயே புறப்பட வேண்டும். அவர்கள் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி, டியூசன், வீட்டுப்பாடம். திடலுக்குப் போகலாம் என்றால் மாலையில் மழை கொட்டுகிறது. சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் நாட்டின் பல பள்ளிகள் மூடப்பட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இப்படிப்பட்ட நாள்களில் வீட்டுக் கூடத்தில், கைப்பேசியில் ஓடும் காணொளியைப் பார்த்து 'செனாம்ரோபிக்' செய்தால் போதுமா? அது உண்மையான உடற்பயிற்சி ஆகுமா? விடையைத் தேட, முதலில் நம் தசைக்குள் எட்டிப் பார்ப்போம்.

உயிர்வளியின் வேலை

'ஏரோபிக்' என்றால் உயிர்வளியின் துணையோடு நடப்பது என்று பொருள். இச்சொல்லை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர். 1968இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே 'ஏரோபிக்ஸ்'.

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. உயிர்வளி இல்லாமல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைச் சிதைத்தால் 2 ஏடிபி மட்டுமே மிஞ்சும். அதே குளுக்கோஸை உயிர்வளியோடு இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியா) முழுமையாக எரித்தால் ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். 100 மீட்டர் ஓட்டக்காரர் முதல் வழியைப் பெரிதும் நம்பியிருக்கிறார். அதனால் அந்த வேகத்தில் அவரால் நெடுநேரம் ஓட முடியாது. மிதமான வேகத்தில் கைகால்களைத் தொடர்ந்து அசைக்கும்போது இரண்டாம் வழி முன்னிலைக்கு வருகிறது. எனவே, பத்து இருபது நிமிடங்கள் தாக்குப்பிடிக்க முடிகிறது.

அந்த உயிர்வளியைச் சுமந்து செல்வது இரத்தம். ஓய்வாக இருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. கடும் பயிற்சியில் இது 20 லிட்டரையும் எட்டலாம். வாரக்கணக்கில் பயிற்சி செய்துவந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகிவிடும். அதனால் ஓய்வு நேரத்தில் அது குறைவாகத் துடித்தாலே போதும்.

நீங்கள் ஓடுவது திடலிலா, நிற்பது கூடத்திலா என்று இதயத்திற்குத் தெரியாது. பெரிய தசைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதே அதற்குத் தெரியும்.

இனிப்பு நீரும் தசையும்

இது நம் குடும்பங்களைத் தொடும் செய்தி. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இனவாரியாகப் பார்த்தால், இந்தியர்களிடையே இந்நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. தாத்தா பாட்டியின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தாலே பலருக்கு இது புரியும்.

உண்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் தசைக்குள் நுழைய 'குளுட்-4' என்னும் புரதம் வாயிற்கதவாக உதவுகிறது. சாதாரணமாக, இன்சுலின் வந்து கட்டளையிட்டால்தான் இக்கதவு உயிரணுவின் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நீரிழிவில் அக்கட்டளைக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால், தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே அதே கதவு மேலே வருகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. பிறகு அந்தப் பலன் மங்கிவிடும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வியர்க்க ஆடுவதைவிட, நாளும் கொஞ்சம் செய்வதே மேல்.

குதிக்காமல் தொடங்குங்கள்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்தது, பந்து விளையாடியது எல்லாம் கணக்கில் சேரும். காணொளிப் பயிற்சி அதில் 20 நிமிடத்தை நிரப்பட்டும்.

புதிதாகத் தொடங்குவோர், ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்கும். நின்ற இடத்தில் நடப்பது, பக்கவாட்டில் அடி வைப்பது, முழங்காலை உயர்த்துவது போன்றவற்றில் அது மிகக் குறைவு. மூட்டும் பிழைக்கும், அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். வேகம் போதவில்லை என்றால் குதிக்காமல், கைகளைத் தலைக்கு மேல் வீசிப் பாருங்கள். இதயத் துடிப்பு தானாக ஏறும்.

நல்ல காணொளியில் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பகுதியும் முடிவில் வேகம் தணிக்கும் பகுதியும் இருக்கும். இவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். பயிற்சியின்போது கெண்டைக்கால் தசை, இரத்தத்தை இதயத்திற்கு மேலேற்றும் பம்பு போல வேலை செய்கிறது. திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றலாம்.

முதல்நாள் செய்யாமல் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். வேகமாக இருந்தால் அமைப்பில் 0.75 மடங்காகக் குறைத்துக்கொள்ளலாம். பயிற்றுநர் உங்களைப் பார்த்து நின்றால், கண்ணாடி பிம்பத்தைப் பின்பற்றுவது போல அவர் நகரும் பக்கமே நகருங்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது மெதுவாகவே நடக்கும். எனவே மின்விசிறியைப் போடுங்கள், தண்ணீரை அருகில் வையுங்கள். பளிங்குத் தரையில் காலுறையோடு ஆடினால் வழுக்கும், காலணி அணியுங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் சரியாக உள்ளது. பேசவே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திப் பெரியவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

வீட்டிலேயே ஓர் ஆய்வு

பள்ளியில் செகாக் சோதனையின்போது மூன்று நிமிடம் பலகை ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணியிருப்பீர்கள். அதே முறையை இங்கும் கையாளலாம்.

1. பயிற்சிக்கு முன், ஐந்து நிமிடம் அமர்ந்தபின் மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.
2. வேகமான பகுதி முடிந்தவுடன் மீண்டும் எண்ணுங்கள்.
3. மெதுவாக நடந்தபடி ஒரு நிமிடம் கழித்து மூன்றாம் முறை எண்ணுங்கள்.

இரண்டாம் எண்ணிலிருந்து மூன்றாம் எண்ணைக் கழித்தால் வருவதே உங்கள் இதயம் மீளும் வேகம். ஒரே காணொளியை வாரம் நான்கு நாள் செய்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த எண்களைக் குறித்துவையுங்கள். சில வாரங்களில் அந்த வித்தியாசம் கூடினால் இதயம் தேறுகிறது என்று பொருள்.

அம்மா, அப்பாவையும் உடன் அழையுங்கள். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கக்கூடும். அவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவர் சரி என்றதும், உங்கள் அட்டவணையில் அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.