பால் மறந்த பன்றிக்குட்டியும் தவிடும்

சங்கத்தில் கடன் பெற்றுச் சீமை வெண்பன்றிக் குட்டிகளை வாங்கிய அங்கத்தினர் சிலர், "நாட்டுக் குட்டிகள் தின்று வளர்ந்த அதே தவிட்டைத்தான் இவற்றிற்கும் இட்டோம், இவை மாத்திரம் கழிந்து மெலிவானேன்?" என்று வினவுகின்றனர். கடன் தவணையே இக்குட்டிகளின் குடலை நம்பியிருப்பதால் இக்கேள்வி அற்பமானதன்று.

பிறந்த குட்டியின் வயிறு பாலுக்கென்றே அமைந்தது. பாற்சர்க்கரையைச் சிதைக்கும் ரஸம் அதனிடம் ஏராளம். தானிய மாவைக் கரைக்கும் ரஸங்களோ வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே பெருகும். இரைப்பையின் அமிலமும் அப்பருவத்தில் குறைவு. பாற்சர்க்கரை புளித்து உண்டாகும் அமிலமே அக்குறையை நிரப்புகிறது. பாலைத் திடீரென நிறுத்தினால் அவ்வமிலம் அற்றுப்போகும். சிறுகுடலின் உட்புறத்தில் ஆகார ஸாரத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகளும் சில தினங்களுக்குள் குறுகிவிடும். ஜீரணியாது நின்ற தீனியில் தீய கிருமிகள் பெருகிக் கழிச்சல் காணும். இம்மட்டும் எல்லா ஜாதிக்கும் பொது.

வித்தியாசம் நாரில் தோன்றுகிறது. நாரைச் செரிக்கும் ரஸம் எந்தப் பன்றிக்கும் இல்லை. பெருங்குடலில் வாழும் கிருமிகளே அதைப் புளிக்கவைத்துப் பயன்படச் செய்கின்றன. வட வியத்நாமின் மோங்காய் என்னும் நாட்டுப் பன்றியையும், லாண்ட்ரேஸ்-யார்க்ஷயர் கலப்பையும் நார் குறைந்த தீனியிலும் மிகுந்த தீனியிலும் வைத்து நடத்திய சோதனை 2013-ல் வெளியாயிற்று. மோங்காயின் ஜீரண உறுப்புகள் உடலெடைக்கு ஒப்பிட அதிகக் கனமாயிருந்தன. தீனி அவற்றில் அதிக நேரம் தங்கிற்று. நாரும் அதிகமாய்ச் செரித்தது. ஆயினும் விரைந்து எடை ஏறியது கலப்புப் பன்றியே. ஆதலால் சீமை ஜாதியைக் குறை கூறுவதற்கில்லை. அது ஸாரமுள்ள தீனியைக் கேட்கிறது, அவ்வளவே.

கிராமத்து ஹல்லர் மில் தவிட்டில் உமி கலந்திருக்கும். அதை இளங்குட்டிக்குப் பிரதான ஆகாரமாக்கலாகாது. இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே, தாய் புகாத தடுப்பினுள், வேகவைத்த நொய்யுடன் கடலைப் பிண்ணாக்கும் மீன் தூளும் சிறிது சேர்த்து வைத்துப் பழக்குக. நார் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. எட்டாம் வாரத்தில் பால் மறக்கச் செய்யும்பொழுது தீனியையும் உடனே மாற்றாமல், ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுக.

கடன் மனுவில் பலர் குட்டியின் விலையை மாத்திரமே காட்டுகின்றனர். அத்தகைய மனுவொன்றை நானே சிபாரிசு செய்து பின்னர் வருந்தியதுண்டு. முதல் மூன்று மாதத் தீனிச் செலவையும் அதில் எழுதுங்கள். தவிட்டையன்றி வேறு வாங்க இயலாதவர் நாட்டுக் குட்டிக்கே மனுச் செய்யலாம்.