சாராயக் கடத்தல் வழக்கில் ஜாமீன்: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?



மது நம் மார்க்கத்தில் ஹராம். குடிப்பது மட்டுமல்ல, அதைச் சுமந்து செல்வதும் ஹராம்தான். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் வண்டி ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகளில் சிலர் கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டோ, என்ன சரக்கு என்று கேட்காமலோ இந்த வழக்குகளில் சிக்குகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்கு ஜாமீன் உத்தரவாகி மூன்று வாரமாகியும் அவர் வெளியே வரவில்லை. "மேலிடத்தில் பேசி எடுத்துவிடுகிறேன்" என்ற தரகர் ஒருவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தார். உண்மையில் தேவைப்பட்டது இரண்டு ஜாமீன்தாரர்கள் மட்டுமே. இன்னொரு குடும்பம் இப்படி ஏமாறக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

ஜாமீன் என்பது விடுதலை அல்ல, மன்னிப்பும் அல்ல. விசாரணை முடியும்வரை இவரை உள்ளே வைத்திருப்பது அவசியமா என்பதே அப்போது நீதிபதி முன் உள்ள கேள்வி. ஜாமீனே பொது விதி, சிறை விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே கூறியது. ஆனால் மக்களின் உயிருக்கு ஆபத்து என்றால் நீதிமன்றம் தயங்கும்.

முதலில் பிடிபட்டது என்ன என்று பார்ப்பார்கள். வெளிமாநில மதுப் பாட்டில் வேறு, விஷச்சாராயம் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை ஆயுள் சிறை வரை உயர்ந்தது. ஆகவே இரசாயனப் பரிசோதனை அறிக்கை முக்கியமானது.

அடுத்து அளவும் பங்கும். சரக்குக்குச் சொந்தக்காரரா, கூலிக்கு ஓட்டியவரா? பழைய வழக்குகள் உண்டா? நிலையான முகவரியும் குடும்பமும் உண்டா? சாட்சிகளைக் கலைப்பாரா? சரக்கும் வண்டியும் கைப்பற்றப்பட்டு, விசாரணை பெரும்பகுதி முடிந்திருந்தால் ஜாமீன் வாய்ப்பு கூடும். நடுவர் மன்றத்தில் கிடைக்காவிட்டால் அமர்வு நீதிமன்றம், பிறகு உயர் நீதிமன்றம் என்று செல்லலாம்.

நாட்கணக்கையும் குறித்து வையுங்கள். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், ஜாமீன் கேட்பது உரிமையாகிறது. ஆனால் தாக்கல் ஆவதற்கு முன்பே மனுச் செய்துவிட வேண்டும்.

குண்டர் சட்டம் தனி. 1982-ஆம் ஆண்டின் அச்சட்டம் கள்ளச்சாராயக்காரர்களுக்கும் பொருந்தும். அதில் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் அந்த உத்தரவு நிற்கும். அதை எதிர்க்க அறிவுரைக் கழகமும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் உண்டு.

ஏழைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஜாமீன்தாரர்தான். பெரும்பாலும் இருவரைக் கேட்பார்கள். ஒருவர் இரத்த உறவாக இருக்கச் சொல்வதும் உண்டு. 1978-இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்துள்ள அவரது சகோதரரை ஏற்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அது தவறென்று கூறி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னது. உத்தரவாகி ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் 2023-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆகவே நிறைவேற்ற முடியாத நிபந்தனை என்றால் சும்மா இருக்காமல், தளர்த்தக் கோரி மனுப் போடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றாலும் கலங்க வேண்டாம். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இப்படி ஒரு நிலை வந்தால் வெட்கத்தால் மறைக்காமல் முதல் வாரத்திலேயே நம்மிடம் வாருங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிள்ளை செய்தது தவறா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஏழ்மையினால் மட்டும் அவர் ஒரு நாள் கூட அதிகமாக உள்ளே இருக்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: சரக்கு என்னவென்று தெரியாமல் எந்த மூட்டையையும் ஏற்றாதீர்கள்.