பாட்டியின் வெள்ளி ரூபாயைத் துலக்காதீர்கள்

தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டுச் சில்லறை பெறும்போது, மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயங்களைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் பொறித்த நாணயம் ஒன்று அகப்படலாம். கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-இல் வெளியிடப்பட்டது அது. கூடவே ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. எடை 35 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. ஆனால் அது கடைத்தெருவுக்கு வந்ததில்லை. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் நாணயச் சாலை விற்றது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரனுக்கும் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது.

இராசராசன் தானே அச்சிட்ட செப்புக் காசுகளில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், நாகரி எழுத்தில் அவன் பெயரும் உண்டு. அவ்வுருவங்கள் வெறும் கோட்டுருவங்களே. அவன் முகச்சாயலை அவற்றிலிருந்து அறிய இயலாது.

முகத்தை அச்சாகப் பொறித்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு யானை உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றிபோலத் தெரிந்தது! எதிர்ப்பு எழுந்தது. 1912-இல் துதிக்கையை நன்கு நீட்டி அச்சைத் திருத்தினார்கள். சேகரிப்போர் 1911-ஆம் ஆண்டு ரூபாயைத் தேடி அலைவது இதனால்தான்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இப்படி ஒரு ரூபாய் கறுத்துக் கிடக்கலாம். அது அழுக்கன்று. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய கரும்படலமாகிறது. சதுப்பு நிலச் சேற்றிலும் மட்கும் குப்பையிலும் இவ்வாயு உண்டாகும். பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை! புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், கறுப்போடு வெள்ளியும் போகும்; மன்னர் முகத்தின் நுண்கோடுகளும் போகும். சிறுவயதில் நானே ஒரு விக்டோரியா ரூபாயைப் பளபளவென்று ஆக்கிக் கெடுத்தவன். துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பவர் தொடவும் தயங்குவார். இரப்பர் வளையம் போட்டும் வைக்காதீர்கள். அதில் கந்தகம் உண்டு. மெதுவான பி.வி.சி. உறையும் ஆகாது, நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும்.

அசலா, போலியா என்று எப்படி அறிவது? பள்ளிக்கூடத்துப் பௌதிகத் தராசு போதும். விக்டோரியா ரூபாயின் எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுதும் அமிழ்த்தி நிறுங்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும். செம்பு-நிக்கல் கலவையில் செய்த போலியானால் 1.31 கிராம் குறையும். நிறுத்தபின் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள், துடைக்க வேண்டாம். தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும். ஆகவே காற்றில் உள்ள எடையைக் குறைந்த எடையால் வகுத்துப் பாருங்கள். 10.3-க்கு அருகில் வந்தால் சரி.

ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 9.5 வந்தால் உடனே போலி என்று வீசிவிடாதீர்கள். ஆண்டைப் பாருங்கள். போர்க்காலத்தில் வெள்ளி தட்டுப்பட்டதால், 1940 முதல் அரசே அதைப் பாதியாகக் குறைத்தது. 1947-ஆம் ஆண்டு ரூபாயானால் தராசும் வேண்டாம், ஒரு காந்தம் போதும். காசு வந்து ஒட்டிக்கொள்ளும். அது முழுக்க நிக்கல்.