விடுதி உயர்ந்தால் பூங்கா என்னாகும்?

சங்குமுகம் கடற்கரையில் சாய்ந்து கிடக்கும் சாகர கன்னிகையைத் திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள் ஒருமுறையேனும் கண்டிருப்பர். எண்பது அடிக்கு மேல் நீளமுள்ள அச்சிலையை 1990-களின் தொடக்கத்தில் செய்து முடித்தவர், சென்னைக் கலைப் பள்ளியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்ற சிற்பி கானாயி குஞ்ஞிராமன். விமானப் படையில் பணி முடித்த ஹெலிகாப்டர் ஒன்று 2020-இல் அச்சிலையின் அருகே காட்சிக்காக நிறுத்தப்பட்டது. அது சிலையைத் தொடவில்லை. ஆயினும் தம் படைப்பு கெட்டுவிட்டது என்றார் சிற்பி. 2022-இல் மாநில அரசு 'கேரள ஸ்ரீ' விருதை அறிவித்தபோது, வேளியிலும் சங்குமுகத்திலும் உள்ள தம் படைப்புகளின் சூழல் சீர்செய்யப்படாத வரையில் அவ்விருதைப் பெற்றுக்கொள்வதற்கில்லை என்று மறுத்தும் விட்டார்.

தொடாத பொருள் ஒன்றை எவ்வாறு கெடுக்கும்? இக்கேள்வி ஒரு சிலையோடு நிற்பதன்று. உல்லாசப் பயணிகளுக்கென அமைத்த இடம் எதுவாயினும், அதன் பக்கத்தில் ஹெலிகாப்டர் வருவது அரிது. தங்கும் விடுதி வருவதோ உறுதி. பூங்கா புகழ் பெற்றால் விடுதி வரும். விடுதி நிரம்பினால் மாடிகள் உயரும். அவ்வாறு உயரும் விடுதி, பக்கத்துப் பூங்காவின் தோற்றத்தை என்ன செய்கிறது என்பதையே இங்கு நாம் ஆராய்வோம்.

'தீம் பார்க்' என்று இன்று வழங்கும் சொல்லைத் தமிழாக்க முற்படும்போது, கையில் முதலில் அகப்படுவது 'கருப்பொருள்' என்னும் சொல். இச்சொல் நம் இலக்கண நூலார் தந்த செல்வம். நெய்தல் என்றால் அங்கே இன்ன பறவை, இன்ன மரம், இன்ன தொழில், இன்ன பறை என்று அவர்கள் வகுத்தனர். ஒரு திணைக்குரியது மற்றொன்றில் வந்து கலந்தால் அதற்குத் திணைமயக்கம் என்று பெயர். கவிஞன் தெரிந்தே செய்யும் மயக்கம் சுவை தரும். ஆனால், பழங்காலத் துறைமுக நகரம்போல் ஒப்பனை செய்த பூங்காவின் கூரைகளுக்கு மேலே பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் தலையை நீட்டுவது யாரும் விரும்பிச் செய்த மயக்கமன்று. பூங்கா தன் எல்லைக்குள் எத்தனை கோடி செலவிட்டாலும், பார்ப்பவர் கண் எல்லைச் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

இதை முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்தவர் வால்ட் டிஸ்னி. 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் அவர் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, அதைச் சுற்றி மண்ணை உயர்த்திக் கரை கட்டினார். உள்ளே இருப்பவர் கண்ணில் வெளியுலகம் படக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் பூங்காவைச் சூழ்ந்த நிலம் அவருக்கு உரியதன்று. அவர் பெயரைத் தாங்கிய விடுதியைக்கூட வேறொருவரே கட்டினார். சில ஆண்டுகளில் சுற்றிலும் விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் நெருங்கின. கட்டடங்களின் உயரத்துக்கு நகராட்சி வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பட்டறிவின் பயனாகத்தான், அடுத்த பூங்காவுக்கென ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைச் சந்தடியின்றி வாங்கி, 1965-இல் திட்டத்தை வெளியிட்டார் அவர். நகைப்புக்குரியது யாதெனின், அத்தனை நிலத்துக்குள்ளும் அதே தொல்லை முளைத்தது. பல நாட்டுத் தெருக்களை ஒப்பனையாக அமைத்த எப்காட் பூங்கா 1982-இல் திறக்கப்பட்டது. 1990-இல் அருகே எழுந்த இரு பெரும் விடுதிகள் அத்தெருக்களின் கூரைகளுக்கு மேலே தெரியலாயின. 1994-இல் மற்றொரு பூங்காவில், பாழடைந்த விடுதியின் வேடத்தில் 199 அடி உயர விளையாட்டுக் கோபுரம் ஒன்றைக் கட்டியபோது விழித்துக்கொண்டனர். எப்காட்டின் மொராக்கோ பகுதிக்குப் பின்னால் அதன் உச்சி தெரியும் என்று முன்கூட்டியே அறிந்து, உச்சிக்கு அந்த நாட்டுக் கட்டடங்களின் நிறத்தையும் சாயலையும் தந்தனர்.

மறைவதும் தெரிவதும் எளிய கணக்குதான். நம் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 100 மீட்டர் தொலைவில் 12 மீட்டர் உயரமுள்ள அடர்ந்த மரவரிசை நிற்கிறது. 300 மீட்டர் தொலைவில் 30 மீட்டர் உயரமுள்ள, ஏறத்தாழப் பத்து மாடி விடுதி இருக்கிறது. மரவரிசை அந்த விடுதியை முழுதும் மறைத்துவிடும்; ஏனெனில் அத்தொலைவில் 33 மீட்டர் வரையில் மறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. விடுதிக்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்பினாரானால், உயரம் 36 மீட்டராகித் தலை தெரிந்துவிடும். பத்து மாடி வரை ஒரு தீங்கும் இல்லை. பதினொன்றுக்கு மேல் பூங்காவின் மாயமே கலைகிறது. முதலில் கட்டிய விடுதியைவிட, பின்னர் செய்யும் விரிவாக்கமே பெரும்பாலும் சச்சரவுக்கு இடமாவதன் காரணம் இதுவே.

மேல் மாடி அறைகளுக்கு வாடகை ஏன் கூடுதல்? பலகணியைத் திறந்தால் பூங்காவோ கடலோ தெரியும் என்பதற்காக. அங்கிருந்து இங்கே தெரிந்தால் இங்கிருந்து அங்கேயும் தெரியும். விடுதி விற்கும் காட்சியும் பூங்கா இழக்கும் காட்சியும் ஒன்றே. ஆனால் விற்ற பணம் ஒருவரைச் சேர்கிறது. இழப்பு மற்றவரைச் சேர்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஜப்பானில் ஒரு வழி கண்டனர். 2001-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிஸீ பூங்காவில், மீராகோஸ்டா என்னும் விடுதியைப் பூங்காவுக்குள்ளேயே இத்தாலியத் துறைமுக வீடுகளின் வரிசையாகக் கட்டிவிட்டனர். அங்கே விடுதியின் முகப்பே பூங்காவின் பின்திரை. இரண்டும் ஒரே உடைமையாக இருப்பின் இது கைகூடும். நம் நாட்டில் ஐதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகரிலும், பெங்களூரை அடுத்த வொண்டர்லாவிலும் நிறுவனத்தாரே தம் இடத்தில் விடுதி வைத்திருக்கின்றனர். உடைமை வேறுபட்டால்தான் வழக்கு.

இனிக் கோவளத்துக்கு வருவோம். நகரிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில், கடலை நோக்கி நீண்ட குன்றின்மேல் 1930-களில் கட்டிய ஹால்சியன் மாளிகை இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே பெரிய விடுதி அமைக்க விரும்பியபோது, சார்லஸ் கொரயா என்னும் கட்டடக் கலைஞரை அழைத்தனர். குன்றின் உச்சியில் பெட்டிபோல் ஒரு மாளிகையை எழுப்பியிருந்தால் கடற்கரை முழுவதும் அதன் காலடியில் கிடந்திருக்கும். கொரயா அவ்வாறு செய்யவில்லை. குன்றின் சரிவிலேயே படிப்படியாக அறைகளை இறக்கினார். தனித்தனிக் குடில்களையும் வெளுப்புச் சுவருடனும் ஓட்டுக் கூரையுடனும் இந்நாட்டு வீடுகளைப் போல் அமைத்தார். 1970-களில் முற்றுப்பெற்ற அவ்விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் கடல் தெரிந்தது. கடற்கரையில் நிற்பவருக்கோ குன்று குன்றாகவே தெரிந்தது. இரு வழிப் பார்வையில் ஒரு வழியை மட்டும் அவர் அடைத்துவிட்டார் எனலாம். நம் கருத்தில், இத்துறையில் நம் நாட்டினர் செய்தவற்றுள் இதுவே தலைசிறந்த பாடம். அரசிடமிருந்து 2002-இல் தனியார் கைக்குச் சென்று, பின்னும் கைமாறிய அவ்விடுதியில் எத்தகைய விரிவாக்கம் வந்தாலும், அந்தச் சரிவை மதித்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். அதே கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரைப் பக்கம் நடந்து பாருங்கள். தோளோடு தோள் உரசி நிற்கும் சிறு விடுதிகளில் ஒன்றும் தனியே பெரிதன்று. வரிசையாகச் சேர்ந்து கரைக்கே ஒரு சுவராகிவிட்டன.

உயரத்தைப் பற்றிய இந்தக் கவலை புதிதுமன்று. பத்மநாப சுவாமி கோயிலின் ஏழுநிலைக் கிழக்குக் கோபுரத்தைக் காணக் கோட்டை வாயிலில் கூடும் கூட்டத்தை நேயர்கள் அறிவர். பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, ஆண்டுக்கு இருமுறை, மறையும் கதிரவன் கோபுரச் சாளரங்களில் ஒவ்வொன்றாகத் தோன்றி இறங்குகிறான். கோயில் பூங்காவன்று, ஒப்பிடுவதும் முறையன்று. ஆயினும், மேற்கே அந்த நேர்க்கோட்டில் உயரமான கட்டடம் ஒன்று எழுந்தால் அடிநிலைச் சாளரங்கள் இருண்டு போகும் என்பது தெளிவு.

சட்டம் என்ன சொல்கிறது? கடற்கரையை ஒட்டி 500 மீட்டர் வரை கட்டடங்களைத் தவிர்க்குமாறு 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, நகர்ப்புறம் அல்லாத கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரையில் வரும் விடுதிகள் 9 மீட்டர் உயரத்துக்கும் இரண்டு தளங்களுக்கும் மிகக்கூடாது என்றது. கட்டடம் சுற்றுப்புற நிலத்தோற்றத்துக்கும் வட்டாரக் கட்டடப் பாணிக்கும் இசைந்திருக்க வேண்டும் என்றும் அதில் ஒரு விதி உண்டு. 9 மீட்டரை நாடா பிடித்து அளக்கலாம். 'இசைந்திருக்க' என்பதை அளக்கும் நாடா எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆதலால் கான்கிரீட் கட்டடத்தின் தலையில் ஓட்டுத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, இசைவு வந்துவிட்டது என்று சொல்லும் வழக்கம் பரவியது. 2019 அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. கரையோரத்தில் விடுதிகள் இன்னும் நெருங்கி வர இதனால் இடம் உண்டாயிற்று.

இசைவை அளக்கவே முடியாதா எனின், மேலைநாடுகளில் எளிய முறை ஒன்று வழக்கில் இருக்கிறது. கட்டப்போகும் மாடியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளக் கயிற்றில், அதே மனையில், நிறம் தெளிவான பெரிய பலூன் ஒன்றைக் காற்றில்லா நேரத்தில் பறக்கவிடுகின்றனர். பக்கத்துப் பூங்காவில் மக்கள் வழக்கமாக நிற்கும் இடங்களிலிருந்து அது தெரிகிறதா என்று பார்த்துப் படமெடுத்த பின்னரே அனுமதி பற்றிப் பேசுகின்றனர். செலவு சொற்பம். வேளி ஏரிக்கரையிலோ கோவளத்திலோ அவ்வாறு ஒரு பலூன் பறக்குமானால், மாலையில் காற்று வாங்கச் செல்லும் நம் நேயர்களும் அண்ணாந்து பார்த்து, வரப்போவது இன்ன உயரம் என்று கல் நாட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.