மருந்தால் நோகும் கல்லீரல்: கீழாநெல்லி காக்குமா?

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, விழுதாக அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுப்பார்கள். ஆனால் காமாலை தனி நோயல்ல, ஓர் அறிகுறி. வைரஸ், மது, பித்தப்பைக் கல் என்று அதற்குக் காரணங்கள் பல. நாம் விழுங்கும் மாத்திரையும் அவற்றுள் ஒன்று.

மாத்திரை எப்படிக் கெடுக்கிறது?

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் ‘நாப்கி’ என்ற நச்சாக மாறும். கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் அதை அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் அதுவும் அதிகம்.

காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகியவை சரியான அளவில் எடுத்தாலும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும்.

எலிகளில் நடக்கும் சோதனை

மூலிகைச் சாற்றைச் சோதிக்க, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எலிகளைப் பல குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. இன்னொன்றுக்குப் பாராசிட்டமால் மட்டும். மூன்றாவதற்கு அதனுடன் ஒப்பீட்டு மருந்தான சிலிமாரின். மற்றவற்றுக்குப் பாராசிட்டமாலுடன் மூலிகைச் சாறு, வெவ்வேறு அளவுகளில்.

பிறகு ரத்தத்தில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிரூபின் அளவுகளைப் பார்ப்பார்கள். முதல் இரண்டும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள்; செல் உடைந்தால் அவை ரத்தத்தில் கசிந்து எண்கள் ஏறும். கல்லீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். பாராசிட்டமால் தாக்கிய கல்லீரலில் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள் செத்துக் கிடக்கும். சாறு கொடுத்த எலியில் அந்தச் சேதம் குறைந்திருந்தால் நல்ல அறிகுறி. கீழாநெல்லி இனச் செடிகளின் சாறு இப்படிப் பலன் தந்ததாக ஆய்வுகள் வந்துள்ளன.

எண் இறங்கினால் போதுமா?

போதாது. இத்தகைய சோதனைகள் பலவற்றில் மூலிகையை முன்கூட்டியே சில நாட்கள் கொடுத்துவிட்டு, பிறகுதான் பாராசிட்டமாலைத் தருகிறார்கள். மருத்துவமனைக்கு வருபவரோ மாத்திரையை விழுங்கிய பிறகே வருகிறார். நாப்கி உருவாகும் வழியையே மூலிகை அடைத்திருந்தாலும் எண்கள் இறங்கும். ஏற்கெனவே நச்சு ஏறியவருக்கு அதனால் பயன் இராது. மேலும், பாராசிட்டமால் விஷத்தைச் சுண்டெலியைவிட எலி அதிகம் தாங்கும். ஆகவே எந்த விலங்கில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம்.

மனிதர்களிடம் கிடைக்கும் முடிவையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெப்படைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அக்கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

* சளி, உடல்வலி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. அட்டையைப் படித்து மொத்த அளவைக் கூட்டிப் பாருங்கள்.
* அளவு மீறி விழுங்கிவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அசிட்டைல் சிஸ்டீன் என்ற நச்சுமுறி மருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகச் சிறப்பாக வேலை செய்யும்.
* காசநோய் மருந்து எடுப்பவருக்கு வாந்தி, பசியின்மை, கண் மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.
* மூலிகை எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகளே கல்லீரலைப் பாதிக்கும்.

கீழாநெல்லி மீது நம் முன்னோர் வைத்த நம்பிக்கை ஆராயத் தகுந்தது. அதை மதிக்கும் வழி, முறையாகச் சோதித்து நிரூபிப்பதுதான். அதுவரை கண்ணில் மஞ்சள் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டறியுங்கள்.