பந்தயத் தடத்தில் ஏற ஆகும் செலவு

நள்ளிரவுக்குப் பின் நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள்களைச் சீறவிடும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. காவல் துறை வாகனங்களைப் பறிமுதல் செய்கிறது. பெற்றோரை அழைத்து எச்சரிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் முறை பிடிபடுவோருக்கு 3 மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கப்படலாம். "வேகமாக ஓட்ட வேண்டுமானால் பந்தயத் தடத்துக்குப் போ" என்ற அறிவுரையும் கூடவே வரும். அறிவுரை சரியானதுதான். ஆனால், அதைப் பின்பற்ற எவ்வளவு செலவாகும் என்பதைச் சொல்வோர் குறைவு.

இந்த வாய்ப்பு தமிழகத்தில் பிற மாநிலங்களைவிட அதிகம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கிய பந்தய மரபு, 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளத் தடத்தில் தொடர்ந்தது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், கார் பந்தய வீரர் கரிவரதனின் பெயர் தாங்கிய மற்றொரு தடம் உள்ளது. இத்தகைய தடங்களில் சொந்த வண்டியை ஓட்டிப் பழகுவதற்கென ஒதுக்கப்படும் நாளை 'டிராக் டே' என்கிறார்கள். அது போட்டியன்று, பரிசும் இல்லை. எதிரே வாகனம் வராது, குறுக்கே கால்நடை வராது, மருத்துவக் குழு அருகிலேயே காத்திருக்கும் என்பவையே அதன் பயன்.

தடத்தில் ஓட்ட விலையுயர்ந்த பெரிய வண்டி தேவை என்பது பலரது எண்ணம். அது தவறு. 150 முதல் 200 சிசி திறன் கொண்ட, அன்றாடம் அலுவலகம் செல்லும் வண்டியே தொடக்கத்துக்குப் போதும். 350 சிசி-க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, அதற்குக் கீழுள்ளவற்றுக்கு 18 விழுக்காடு. ஆகவே, பெரிய வண்டியின் மீதான ஆசை வரியிலேயே பெருந்தொகையை விழுங்கிவிடும். சிறிய வண்டியில் வளைவுகளைச் சரியாகத் திருப்பக் கற்றவர் பெரிய வண்டியையும் கையாள்வார். பெரிய வண்டியின் ஆற்றலை நம்பித் தொடங்குபவர், தம் தவறுகளை அது மறைப்பதை உணர்வதில்லை.

முதற்செலவு உடலுக்கானது. சாதாரண ஜீன்ஸ் துணி, தார்ப் பரப்பில் உரசினால் நொடிப்பொழுதில் கிழிந்துவிடும். எனவே, முழுத் தோல் உடை கட்டாயமாகிறது. உள்நாட்டுத் தயாரிப்பு ஏறத்தாழ ரூ.30,000-இல் தொடங்கும். முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசம், கணுக்காலைக் காக்கும் காலணி, மணிக்கட்டைத் தாண்டி நீளும் கையுறை, முதுகுக் காப்பு ஆகியவற்றையும் சேர்த்தால், சிக்கனமாக வாங்கினாலும் ரூ.60,000 முதல் ரூ.1 லட்சம் வரை ஆகும். தோல் உடையையும் காலணியையும் பிறர் பயன்படுத்திய நிலையில் வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் அவ்வாறு வாங்கக் கூடாது. ஒரு முறை பலமாக அடிபட்டால் அதனுள் உள்ள நுரைப் பொருள் நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த அடியை அது தாங்காது.

அடுத்தது வண்டியைத் தயார் செய்யும் செலவு. இதில் பெரும்பகுதி பணத்தைவிட உழைப்பையே கேட்கிறது. கண்ணாடிகளைக் கழற்றுவது, விளக்குகள் உடைந்து சிதறாமல் நாடா ஒட்டுவது, எண்ணெய் கசியாமல் திருகாணியைக் கம்பியால் கட்டுவது போன்றவை சில நூறு ரூபாயில் முடியும். பிரேக் திரவத்தை மாற்றுவதில் மட்டும் தயங்கக் கூடாது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய திரவத்துக்கு அது 155 டிகிரி வரை இறங்கக்கூடும். திரவம் கொதித்தால் பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் திரும்ப வரும் செலவு. தடக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம், பெட்ரோல், வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை, தேய்ந்துபோகும் டயர், பிரேக் பட்டை எல்லாம் சேர்ந்து சிறிய வண்டிக்கு நாளொன்றுக்கு ரூ.10,000 முதல் ரூ.15,000 வரை ஆகலாம். ஆண்டுக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டின் மொத்தச் செலவு ஒன்றேகால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை வரும். பெரிய வண்டியென்றால் ஒரு ஜோடி டயரே ரூ.30,000-ஐத் தாண்டும்.

நான்காவது செலவு கண்ணுக்குத் தெரியாதது. நம் வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்கள், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்துவதை விலக்கிவைக்கின்றன. எனவே, தடத்தில் வண்டி சேதமடைந்தால் செலவு முழுவதும் உரிமையாளரைச் சேரும் என்று கருதியே இறங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டிலும் மோட்டார் பந்தயத்தைத் தொழில்முறையாக மேற்கொள்வோருக்கு விலக்கு உண்டு. தொழில்முறை அல்லாதவரும் தம் ஒப்பந்தத்தைப் படித்து, நிறுவனத்திடம் எழுத்துவழியே விளக்கம் பெறுவது நல்லது. தடம் ஆபத்தே இல்லாத இடமன்று. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

ஆக, செலவின் வரிசை முக்கியம். முதலில் உடற்காப்பு, பின்னர் பயிற்சி, அதன்பின் டயரும் பிரேக்கும், கடைசியாகவே வண்டியின் ஆற்றலைக் கூட்டும் மாற்றங்கள். நடைமுறையில் பல இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓசையெழுப்பும் புகைக்குழாய்க்கு ரூ.20,000 கொடுத்துவிட்டு, ரூ.1,000 தலைக்கவசத்துடன் ஓட்டுகிறார்கள்.

மாதம் ரூ.25,000 ஊதியம் பெறும் ஓர் இளைஞருக்கு இந்தத் தொகை எட்டாதது என்பதையும் மறுக்க முடியாது. அவருக்குச் சாலை இலவசம், தடம் அவ்வாறில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க வழிகள் உண்டு. வாகன நிறுவனங்கள் நடத்தும் ஒரே ரக வாகனப் பந்தயங்களில், தேர்வுபெறும் வீரருக்கு நிறுவனமே வண்டியைத் தருகிறது. அதுபோல், தொடக்கநிலைப் பயிற்சி நாள்களில் உடையையும் வண்டியையும் வாடகைக்குத் தரலாம். ஏற்பாட்டாளர்கள் ஒரு நாளுக்கான குழு விபத்துக் காப்பீட்டைக் கட்டணத்திலேயே சேர்க்கலாம். 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயத்தை நடத்த முன்வந்த அரசு, ஆண்டுக்குச் சில நாள்களேனும் தடக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்பது அரிதான காரியமன்று.

சாலையில் ஓட்டாதே என்று சொல்வது சட்டத்தின் கடமை. எங்கே, என்ன விலையில் ஓட்டலாம் என்று சொல்லவும் அந்த விலையைக் குறைக்கவும் முயலும்போதுதான் அந்தச் சொல் இளைஞர்களின் காதில் ஏறும்.